கோடையில் மண்ணுக்குள் உறங்கும் ஆமைகள்: நாம் அறிந்திருக்க வேண்டியவை

கரடியனாற்றில் ஆடி, ஆவணி மாதங்களில் சிறு குளங்கள் வற்றி நிலம் வெடித்துவிடும். குளத்தில் இருந்த ஆமைகள் எங்கே போயின என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. அவற்றில் பல எமது காலடியிலேயே, சேற்றுக்குள் புதைந்து கிடக்கின்றன. முன்னர் வட்டைக்குப் பெரியவர்களுடன் போய்வந்த சிறுவர்கள் இதைப் பார்த்தே அறிந்துகொண்டார்கள். 2007ஆம் ஆண்டு படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இன்று உழவு இயந்திரம் ஓட்டுபவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

குளிர்த்தூக்கமும் கோடைத்தூக்கமும்

ஐரோப்பாவில் வளர்க்கப்படும் மத்தியதரைக்கடல் ஆமைகள் குளிர்காலத்தில் உறங்கும். வளர்ப்பவர்கள் அவற்றைச் சுமார் 5 பாகை செல்சியஸில் வைத்து, அடிக்கடி நிறுத்துப் பார்ப்பார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எழுப்பிவிடுவார்கள். இந்த முறை எமது ஆமைகளுக்குப் பொருந்தாது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் எமது நட்சத்திர ஆமைக்குச் சளிக்காய்ச்சல் பிடித்து உயிர் போகலாம். புலம்பெயர் நாடுகளில் அந்த ஆமையை வளர்ப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

எமது பகுதியில் நடப்பது கோடைத்தூக்கம். நீர் வற்றும்போது பாலாமை சேற்றைத் தோண்டி உள்ளே போய், தலையையும் கால்களையும் இழுத்து மூடிக்கொள்ளும். இரை தேடாது, அசையாது. உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு மழை வரும்வரை தாக்குப்பிடிக்கும். நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது. அது பற்றைகளின் அடியில் ஒதுங்கிக் கிடக்கும்.

உழும்போது ஆமை வெளிப்பட்டால்

இறந்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பின்னங்காலை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். உயிர் இருந்தால் சற்று நேரம் கழித்தாவது காலை இழுக்கும். காயம் இல்லையென்றால், அதே குளத்தின் ஓரத்தில் நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வைத்து, இளகிய மண்ணால் மூடிவிடுங்கள். ஆழமான நீருக்குள் போட வேண்டாம். ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. அரைத்தூக்கத்தில் இருப்பது மேலே வர முடியாமல் மூழ்கிப்போகும்.

ஓடு உடைந்திருந்தால் மஞ்சளோ எண்ணெயோ பூச வேண்டாம். ஓடு உயிருள்ள எலும்பு. சுத்தமான துணியால் மூடி, காற்றுப் போகும் பெட்டியில் வைத்து, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். தூக்கும்போது பக்கவாட்டில் பிடியுங்கள், பாலாமை கடிக்கும். பின்னர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஆமைகளில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

செய்யக்கூடாதவை

ஆமையைக் கிணற்றில் விடும் பழக்கம் எம்மிடம் உண்டு. கட்டிய கிணற்றில் அது வெயில் காயவும் முட்டையிடவும் கரையேற முடியாது. நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது, அதை எந்த நீரிலும் விடாதீர்கள். குளத்து ஆமையை உப்புக் கலந்த வாவியில் விடுவதும் தவறு.

பற்றைக்குத் தீ வைக்க முன் ஒருமுறை நடந்து பாருங்கள். ஆமை தேடி நிலத்தைத் தோண்டாதீர்கள். போர் நடந்த மண் இது. சந்தேகமான பொருள் எதுவும் கண்ணில் பட்டால் தொடாமல் விலகிப் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

வீட்டில் வளர்க்கலாமா?

சட்டம் அனுமதிக்கவில்லை. 1937ஆம் ஆண்டின் வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். நட்சத்திர ஆமையின் சர்வதேச வர்த்தகம் 2019இல் மேலும் கடுமையாகத் தடுக்கப்பட்டது. ஏற்கனவே வீட்டில் ஒன்று இருந்தால், திணைக்களத்துடன் பேசி ஒப்படைப்பதே நல்லது.

ஐப்பசி மழை விழுந்ததும் ஆமைகள் மண்ணைவிட்டு எழுந்து நீர் தேடிப் புறப்படும். செங்கலடி–பதுளை வீதியில் அப்படி ஒன்றைக் கண்டால், முதலில் வாகனங்களைக் கவனியுங்கள். பிறகு அது போகும் திசையிலேயே அக்கரையில் விட்டுவிடுங்கள். திருப்பி விட்டால் மீண்டும் வீதிக்கே வரும்.