பிரசெல்ஸில் எங்கே தங்கலாம், ஒரு நாளில் எங்கே போய் வரலாம்?

இலண்டனில் இருந்து தொடருந்தில் இரண்டு மணித்தியாலம். பாரிசில் இருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு. புலம்பெயர்ந்த எம்மவர் பலர் பிரசெல்ஸுக்குப் போயிருக்கிறார்கள், ஆனால் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்களின் முன் நடக்கும் கவனயீர்ப்புக்காக. பதாகையைச் சுருட்டிக்கொண்டு அன்றிரவே திரும்பிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் நின்று பார்க்க நினைப்பவர்களுக்காக இக்குறிப்பு.

இந்நகரில் அறை வாடகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியக் கூட்டங்கள்தான். திங்கள் முதல் வியாழன் வரை விலை ஏறும். வெள்ளி தொடக்கம் ஞாயிறு வரை அதே அறை மலிவாகக் கிடைக்கும். அலுவலகங்கள் விடுமுறையில் இருக்கும் ஓகஸ்ட்டிலும் அப்படியே. ஷூமன் பகுதி விடுதிகள் வார இறுதியில் நல்ல விலைக்கு வரும், ஆனால் சுற்றுப்புறம் வெறிச்சோடிக் கிடக்கும். இலண்டன், பாரிஸ் தொடருந்துகள் வந்து நிற்கும் மிடி நிலையத்தைச் சுற்றி மலிவான அறைகள் உண்டு. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் இரவில் நடமாட அந்த இடம் உகந்ததல்ல. வெளியூர்ப் பயணங்களுக்கு மத்திய நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் தங்குவதே எனது தெரிவு. நாலைந்து பேர் போனால் குசினி வசதியுள்ள அறைத்தொகுதி எடுங்கள். அரிசியும் பருப்பும் அவிக்க முடிந்தால் செலவு பாதியாகும். இலங்கைக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்குமிட ஆதாரம் காட்ட வேண்டும், ஆகவே கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடிய அறையையே பதிவு செய்யுங்கள்.

உள்நாட்டுத் தொடருந்துகளில் இருக்கை முன்பதிவு இல்லை. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஊர்ப் பெயர்களில்தான் கவனம் தேவை. ஒரே ஊருக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர், டச்சில் இன்னொரு பெயர். லூவன் பிரெஞ்சில் லூவாங். ஆனால் லூவாங்-லா-நெவ் என்பது முற்றிலும் வேறு ஊர். ஈப்பர் என்று அறிவிப்புப் பலகையில் இருந்தால் அதுதான் ஈப்ர்.

கால்வாய்களுக்காக எல்லோரும் போகும் புரூஜ் ஒரு மணித்தியாலம், கென்ட் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். இரண்டில் ஒன்று போதும் என்றால் கென்டுக்குப் போங்கள், சனநெரிசல் குறைவு.

எமது வாசகர்கள் தவறவிடக் கூடாதது லூவன். அரை மணித்தியாலத்துக்கும் குறைவான தூரம். 1914 ஓகஸ்ட்டில் ஜேர்மன் படைகள் அதன் பல்கலைக்கழக நூலகத்தை எரித்தன. மத்திய காலக் கையெழுத்துப் பிரதிகள் உட்பட இலட்சக்கணக்கான நூல்கள் சாம்பலாயின. எரிந்தவற்றுக்கு ஈடான நூல்களை ஜேர்மனி கொடுக்க வேண்டும் என்று வெர்சாய் உடன்படிக்கையின் 247ஆம் பிரிவு சொன்னது. 1981இல் எரிந்த யாழ். பொது நூலகத்துக்கு அப்படி ஒரு பிரிவை எவரும் எழுதவில்லை. அமெரிக்கக் கொடையில் எழுந்த புதிய கட்டடம் 1928இல் திறக்கப்பட்டது. பணம் தந்த பாடசாலைகள், கல்லூரிகளின் பெயர்கள் சுவர்க் கற்களில் இன்றும் இருக்கின்றன. ஜேர்மானிய வெறி அழித்தது என்ற பொருளில் இலத்தீனில் பொறிக்க விரும்பினார் கட்டடக் கலைஞர் விட்னி வாரன். பல்கலைக்கழகத் தலைவர் லாடூஸ் மறுத்தார், பெரிய சர்ச்சையானது, கடைசியில் பொறிக்கவில்லை. 1940 மே மாதத்தில் அந்த நூலகமும் எரிந்தது. சுமார் 9 இலட்சம் நூல்கள் போயின. போருக்குப் பின் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டினார்கள். கோபுரத்தில் ஏறலாம், படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே சதுக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

ஈப்பர் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். முதலாம் உலகப் போரில் எறிகணைகளால் தரைமட்டமான நகரம். அதன் பழைய துணி மண்டபத்தைத் திருப்பிக் கட்டி முடிக்க 1967 ஆயிற்று. சுற்றியுள்ள வயல்களில் உழும்போது வெடிக்காத குண்டுகள் இன்றும் கிளம்புகின்றன. வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெனின் வாயிலில், உடல் கிடைக்காமல் போன 54 ஆயிரத்துக்கும் அதிகமான படையினரின் பெயர்கள் இருக்கின்றன, பிரித்தானிய இந்தியப் படையினர் உட்பட. ஒருவரின் எச்சம் கிடைத்து அடையாளம் காணப்பட்டால், அவருக்குக் கல்லறை அமைத்துச் சுவரிலுள்ள பெயரை நீக்குவது வழக்கம். இது வென்ற பேரரசு தன் படையினருக்குக் கட்டியது, பொதுமக்களின் பெயர்கள் அங்கே இல்லை. அவற்றைத் தொகுப்பது துணி மண்டபத்திலுள்ள அருங்காட்சியகம்: பெல்ஜியத்தில் அப்போரில் இறந்தோரை, எந்தத் தரப்பு என்று பாராமல், பொதுமக்களையும் சேர்த்துப் பெயர் பெயராகப் பதிந்து வருகிறார்கள். அங்கு போர்க்களக் காட்சிகளும் ஒலிகளும் உண்டு. ஷெல் சத்தத்தை இன்னும் கனவில் கேட்பவர்கள் அதைத் தவிர்த்து, நகரின் பழைய அரண்மதில் மேல் நடக்கலாம்.

வாயிலில் ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு ஊதுகுழல் அஞ்சலி நடக்கிறது, 1928இல் இருந்து, ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலம் தவிர. கட்டணமில்லை, கைதட்டக் கூடாது. அது முடிந்தபின் பிரசெல்ஸ் திரும்பத் தொடருந்து உண்டா என்பதைக் காலையிலேயே பாருங்கள், இல்லாவிட்டால் அன்றிரவு அறையை ஈப்பரில் எடுங்கள். கோடையில் முன்வரிசையில் நிற்க வேண்டுமானால் ஏழேகாலுக்கே போய்விட வேண்டும்.