உப்பை அகற்றி, மழையைத் தேக்கி: வழுக்கையாற்றுத் தாழ்நிலம் வயலான வரலாறு

நீர் நின்ற பள்ளத்தை வடித்து விளைநிலமாக்கிய கதைகளில் உலகம் முதலில் எடுத்துச் சொல்வது ஒல்லாந்தின் கதையைத்தான். பேம்ஸ்டர் என்ற ஏரியைச் சுற்றி அணை எழுப்பி, காற்றாலைகளால் நீரை இறைத்து, 1612-இல் அதன் அடித்தளத்தை உழுநிலமாக்கினார்கள். அந்த வித்தையைக் கையில் வைத்திருந்த ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். கோட்டையையும் தேவாலயங்களையும் காணிப் பதிவான தோம்புகளையும் இங்கே விட்டுச் சென்றார்கள். இறைத்து வடித்த வயல் ஒன்றைக்கூட விட்டுச் செல்லவில்லை. இதற்கு அவர்களுடைய அக்கறையின்மையைக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் மானிப்பாய்க்கு மேற்கே கிடக்கும் வயல்வெளியின் அமைப்பைப் பார்த்தால், அந்த வித்தை இந்த மண்ணில் செல்லாது என்பது புலப்படும். இங்கே தாழ்நிலம் வேறொரு வழியில் வயலானது. அந்த வழியைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை ஆகிய ஊர்களின் தாழ்வுகளை ஊடறுத்து, அராலியில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியைச் சேர்கிறது. நீளம் 15 கிலோமீற்றர் அளவில் இருக்கும். மானிப்பாய் இந்தத் தாழ்வின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஊரின் குடிமனைகளும் தோட்டங்களும் மேட்டில், வயல் பள்ளத்தில். மேட்டில் செம்பாடு, பள்ளத்தில், ஆறு பல நூற்றாண்டாகக் கொண்டுவந்து படியவிட்ட களி. புகையிலையும் வெங்காயமும் மேட்டுக்குரியவை. பள்ளத்தில் பெரும்போக நெல் ஒன்றுதான் விளையும். கோடையில் இந்த வழியால் வரும் புதியவருக்கு ஆறு எது, வயல் எது என்று பிரித்தறிய முடியாது. ஆற்றுப் படுக்கையிலும் மாடு மேயும். கார்த்திகையில் அதே இடத்தில் நீர் வரம்பைத் தாண்டி நிற்கும்.

இந்த வெளியை ஒல்லாந்து முறையில் இறைத்து வடித்தால் என்ன ஆகும்? அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். துளையும் வெடிப்பும் நிறைந்த கல். மழைநீர் அதனுள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் கனம் குறைந்த படையாக மிதக்கிறது. குடாநாட்டுக் கிணறுகள் எல்லாம் இந்தப் படையிலிருந்துதான் நீர் எடுக்கின்றன. 1880-களின் இறுதியில் படோன் கீபன் என்ற ஒல்லாந்துப் பொறியியலாளரும், 1901-இல் ஜெர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டறிந்த கணக்கு ஒன்று உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் தாங்கி நிற்கும். மேலே 1 மீற்றர் குறைந்தால், உப்புநீர் அடியிலிருந்து 40 மீற்றர் வரை எழுந்துவிடும். ஆகவே தாழ்நிலத்தை வற்ற வைப்பது என்பது அயலிலுள்ள கிணறுகளைச் சேர்த்து வற்ற வைப்பதாகும். இன்னும் சரியாகச் சொன்னால், அவற்றை உவராக்குவதாகும். அணை கட்டிக் கடலைத் தடுத்தாலும் கல்லின் துளை வழியே கடல் வரும். ஒல்லாந்தின் அடியில் இருந்த களியும் முற்றாநிலக்கரியும் தந்த வசதி இந்தக் கல்லில் இல்லை.

எனவே இங்கே வயல் செய்தவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை இருந்தது. மாரியின் முதற்பகுதியில் வெள்ளம் நிலத்தைக் கழுவி உப்பைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். பிற்பகுதியில் அதே வெள்ளம் போகாமல் நிற்க வேண்டும். முந்தியதற்கு வாய்க்கால் திறந்திருக்க வேண்டும், பிந்தியதற்கு அடைத்திருக்க வேண்டும். இந்த வெளியின் வரலாறு முழுவதும் அந்தத் திறப்புக்கும் அடைப்புக்கும் நடுவே நடந்த முயற்சிகளின் வரலாறுதான் என்று நான் கருதுகிறேன்.

தொல்லியல் சான்றுகள் இதற்கு நெடிய பின்புலம் தருகின்றன. வழுக்கையாற்றின் நடுப்பகுதியில் இருக்கும் கந்தரோடை, குடாநாட்டின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று. ஆற்றின் கீழ்ப்பகுதிக்குத் தெற்கே, கடல்நீரேரியை அண்டி, ஆனைக்கோட்டை இருக்கிறது. 1980-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அங்கே பெருங்கற்காலப் பண்பாட்டுப் புதைகுழிகளைக் கண்டறிந்தனர். பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையும் அங்கே கிடைத்தது. பொ. இரகுபதி 1987-இல் வெளியிட்ட ஆய்வு, குடாநாட்டின் தொல்குடியிருப்புகளை அவற்றின் நிலவியலோடு பொருத்திக் காட்டியது. மேட்டையும் பள்ளத்தையும் கடல்நீரேரியையும் ஒருசேர எட்டக்கூடிய இடங்களை அம்மக்கள் தேர்ந்திருக்கிறார்கள். மீனும் நெல்லும் மந்தையும் ஒரே நாளின் நடைதூரத்துக்குள் கிடைத்த இடங்கள் அவை.

இத்தாழ்வின் பழைய நீரமைப்பில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது ஆற்றைவிட அதை ஒட்டிய குளங்களும் கேணிகளும்தான். இவற்றை வன்னியின் பாசனக் குளங்களோடு ஒப்பிடக் கூடாது. மதகு திறந்து வயலுக்கு நீர் விடும் குளங்கள் இங்கே அரிது. வெள்ளம் வரும் வழியில் ஒரு பள்ளம் ஆழமாக்கப்பட்டிருக்கும். வெள்ளம் அதை நிரப்பிய பிறகுதான் அடுத்த பள்ளத்துக்குப் போகும். இதனால் மூன்று காரியம் நடந்தது. வெள்ளத்தின் வேகம் அடங்கியது, வண்டல் படிந்தது, கல்லினுள் நீர் இறங்க நேரம் கிடைத்தது. கோடையில் மாட்டுக்குத் தண்ணீர் கிடைத்தது நான்காவது பயன். குளம் தூர்ந்துபோகாமல் வண்டலை வெட்டி வயலுக்கும் தோட்டத்துக்கும் இடுவது ஊரின் வழக்கமாக இருந்தது. அப்படி வெட்டிய குளமே அடுத்த மாரியில் கூடுதலாகத் தாங்கும்.

வயலுக்குள்ளும் இதே கணக்குத்தான். ஆவணி, புரட்டாதியில் புழுதியில் விதைத்து மழையை எதிர்பார்ப்பார்கள். கடல்நீரேரிக்கு அருகே போகப் போக இந்த விதைப்பு ஒரு பந்தயம் ஆகிறது. கோடையில் அடியிலிருந்து ஏறிய உப்பு பங்குனி, சித்திரையில் மண்ணின் மேலே வெண்பொருக்காகப் பூக்கும். அதில் உமரி மட்டும் சிவந்து படரும். முதல் மழை அற்பமாகப் பெய்தால் அந்தப் பொருக்கைக் கரைத்து விதையின் வேரடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். முளைத்த நாற்றின் நுனி வெளுத்து, பிறகு திட்டுத் திட்டாக வயல் கருகும். நெல் உப்பைத் தாங்க மாட்டாத பருவம் இரண்டு: இளநாற்றுப் பருவமும் கதிர் உருவாகும் பருவமும். நடுவே ஓரளவு தாங்கும். ஆகவே கழுவும் மழை எப்போது வருகிறது என்பது மொத்த மழையின் அளவைவிட முக்கியமானது. கழுவிய பின்னும் சிக்கல் தீர்வதில்லை. உப்புப் போனாலும் சோடியம் ஏறிய களி இறுகி, நீரை உள்ளே விடாது. குழை தாழ்ப்பதும், கோடையில் வயலில் மாட்டுப்பட்டி அடைப்பதும் இந்த இறுக்கத்தைத் தளர்த்தின. எருவுக்காகச் செய்ததாகவே இவற்றைச் சொல்வார்கள். உவர் மண்ணைத் திருத்தும் வேலையும் அதே கையால் நடந்திருக்கிறது.

இவ்வளவு உழைத்தும் குடாநாடு தன் சோற்றுக்குத் தானே நெல் விளைத்ததில்லை. வன்னியிலிருந்தும் தஞ்சாவூர்க் கரையிலிருந்தும் நெல் வந்தது. ஒல்லாந்தருக்கு யாழ்ப்பாணத்தின் வருவாய் புகையிலை, பனை, சாயவேர், யானை ஏற்றுமதி ஆகியவற்றில் இருந்தது. பள்ளத்து நெல்லில் அவர்கள் முதலிட முனையாததற்கு இதுவும் காரணம் ஆகலாம். திட்டம் என்று எதையும் மேலிருந்து வகுக்காமல், ஊர்வழக்கில் விட்டுவிட்டார்கள்.

பிரித்தானியர் காலத்தில் நிலைமை மெல்ல மாறியது. 1856-இன் நெற்செய்கை, நீர்ப்பாசனச் சட்டம் ஊர்வழக்குகளுக்குச் சட்ட உருவம் கொடுத்தது. ஆனாலும் அது பாசனத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். நீரை வெளியேற்றுவது எப்படி, உப்பைத் தடுப்பது எப்படி என்ற கேள்விகளுக்கு அதில் இடம் குறைவு. உப்புநீர்த் தடுப்பு என்ற எண்ணம் கிழக்கே, வடமராட்சிக் கடல்நீரேரியை முன்வைத்தே வளர்ந்தது. அந்தக் கடல்நீரேரி கடலோடு கலக்கும் வாய்தான் தொண்டைமானாறு. உப்பு ஏற்றிச் செல்லத் தொண்டைமான் என்பவன் அந்த வாயை வெட்டுவித்தான் என்கிறது யாழ்ப்பாண வைபவமாலை மரபு. உப்பை வெளியே கொண்டுபோக வெட்டியதாகச் சொல்லப்படும் அதே வாயை, உப்பு உள்ளே வராமல் அடைப்பது பிற்காலத்தின் வேலையாயிற்று.

1950-களின் முற்பகுதியில் தொண்டைமானாற்றிலும், அதை அடுத்து உப்பாற்றின் வாயான அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் இவற்றைப் பெருந்திட்டம் ஒன்றோடு இணைத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீர்த் தேக்கமாக்கி, முள்ளியான் வழியே கால்வாய் வெட்டி, கனகராயன் ஆற்று நீரை வடமராட்சிக்குள் கொண்டுவருவது அவர் எண்ணம். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற பெயரில் அது இன்றுவரை பேசப்படுகிறது. கால்வாய் வேலை தொடங்கி முற்றுப்பெறாமல் நின்றது. இத்திட்டத்தைக் குடிநீர்த் திட்டமாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கடல்நீரேரி ஓரத்து உவர்த்தரைகளை நெல்வயலாக மீட்பதும் அதன் பயன்களில் ஒன்று என்பதை இக்கட்டுரையின் பொருளுக்காக வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

மேற்கே, வழுக்கையாற்றின் வாயில், அராலித் தடுப்பணை அதே தத்துவத்தின் சிறிய வடிவம். சீமெந்துத் தூண்களின் காடிகளில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி வாயை அடைக்கும் அமைப்பு இத்தகைய அணைகளின் அடிப்படை. ஐப்பசியில் முதல் வெள்ளம் வரும்போது பலகைகள் மேலே இருக்க வேண்டும். வெண்பொருக்கைக் கரைத்த நீர் வெளியேற வேண்டும். மார்கழியில் மழை தணியும்போது பலகைகள் இறங்க வேண்டும். ஒரு வாரம் முந்தி இறக்கினால் உப்பு வயலில் தங்கும், மேல்வயல்கள் மூழ்கும். ஒரு வாரம் பிந்தி இறக்கினால் நன்னீர் கடலுக்குப் போய்விடும். தையில் கடல்மட்டத்தோடு சமனாகும் நீர்வழியில் கடல் ஏறிவரும். இந்தத் தீர்மானத்தில் நுட்பம் இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது. அது பொறியியல் மட்டும் அன்று. வானம் பார்க்கத் தெரிந்தவர்களின் வேலை.

இந்தத் தீர்மானம் தவறினால் என்னாகும் என்பதற்குத் தென்னிலங்கையில் முத்துராஜவெல ஓர் எடுத்துக்காட்டு. நீர்கொழும்புக்குத் தெற்கே நெல் விளைந்த அந்தத் தாழ்வில், ஒல்லாந்தர் காலக் கால்வாய் வழியே கடல்நீர் ஏறி வயல்கள் கெட்டன. 1802-க்கும் 1804-க்கும் இடையில் பிரித்தானியர் ஹமில்ற்றன் கால்வாயை வெட்டி அதைத் திருத்தப் பார்த்தார்கள். வயல் திரும்பவில்லை. வடிகாலாக வெட்டப்படும் எதுவும் கடல் உள்ளே வரும் பாதையாகவும் ஆகலாம் என்பதை அங்கே பார்க்கிறோம். கேரளத்தின் குட்டநாட்டில் கதை வேறு. களிநிலம் ஆகையால் காயலை இறைத்து வயலாக்க அவர்களால் முடிந்தது. உப்பைத் தடுக்க 1970-களின் நடுவில் தண்ணீர்முக்கம் அணை கட்டினார்கள். நெல் நின்றது, இறாலும் மீனும் குறைந்தன. மீனவருக்கும் உழவருக்கும் அணைத் திறப்பு நாளைப் பற்றிய தகராறு அங்கே இன்னும் ஓயவில்லை.

நம்முடைய அணைகளின் கதியும் பராமரிப்பில்தான் தங்கியது. பலகைகள் உக்கின, காணாமற் போயின; போர்க்காலத்தில் மாற்ற வழியில்லை. 1990 முதல் தெல்லிப்பழைப் பக்கத்தின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கியதால், நீர்வழியின் தலைப்பகுதியில் வாய்க்கால் துப்புரவு செய்ய ஊரவர் இருக்கவில்லை. 1995 ஐப்பசியின் இறுதியில், இந்த ஊர்கள் அடங்கிய வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. புரட்டாதியில் விதைத்த வயலை விட்டு, மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த சனம் அது. அந்தப் போகத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை.

போருக்குப் பின் வந்த மாற்றம் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. மேட்டில் காணி விலை ஏற ஏற, வயலோரம் மண் நிரப்பி வீடு எழுகிறது. 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி வயலை நிரப்புவதைத் தடுக்கிறது, நிரப்புவது நிற்கவில்லை. உயர்த்திப் போட்ட வீதிகளின் அடியில் வைத்த மதகுகள் சில இடங்களில் பழைய நீரோட்டத்துக்குப் போதாதவை. குளங்கள் ஒவ்வொன்றாக நிறைந்து வழிந்த காலத்தில் பல நாளில் அராலியை அடைந்த நீர், இன்று ஓரிடத்தில் தேங்கி வீட்டுக்குள் புகுகிறது, வேறிடத்தில் சீமெந்து வாய்க்காலால் விரைந்து கடலுக்கு ஓடுகிறது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வலிகாமத் தாழ்வுகளை மூழ்கடித்தபோது எழுந்த கோரிக்கை, வெள்ளத்தை விரைவாகக் கடலுக்கு விடுங்கள் என்பதே. வெள்ளம் புகுந்த வீட்டுக்காரர் வேறு எதைக் கேட்பார்? ஆனால் அந்தக் கோரிக்கையை அப்படியே நிறைவேற்றினால் சித்திரையில் மானிப்பாய்க் கிணறுகள் அதன் விலையைச் செலுத்தும்.

ஆகவே செய்ய வேண்டிய வேலை தெளிவானது. தெல்லிப்பழை முதல் அராலி வரை ஒவ்வொரு மதகின் அடிமட்டத்தையும், குளத்தின் வழிவாயையும் ஒரே அளவுகோலில் அளந்து ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டும். பிரதேச சபைகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநலத் திணைக்களமும் வீதிப் பகுதியும் தனித்தனியே வேலை செய்யும் இடம் இது. அராலியில் பலகை இறக்கும் நாளைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் கமக்காரர் அமைப்புகளோடு கடல்நீரேரியில் இறால் பிடிக்கும் தொழிலாளரும் மேட்டில் கிணற்று நீரை நம்பித் தோட்டம் செய்பவர்களும் இருக்க வேண்டும். கேரளத்துப் பொக்காளி வயல்களில் மாரியில் உப்பைத் தாங்கும் நெல்லும், கோடையில் அதே நிலத்தில் இறாலும் எடுக்கிறார்கள். அணைக்குக் கடற்பக்கமாகக் கிடக்கும் தரவைகளில், எந்த அணையாலும் உப்பை விரட்ட முடியாத துண்டுகளில், அந்த முறையை முதலில் பரீட்சித்துப் பார்க்கலாம். அணைக்கு உட்பக்கத்து வயல்களுக்கு மழையைத் தேக்கும் பழைய குளங்களைத் தூர்வாருவதுதான் முதல் வேலை. அதை அடுத்த ஆவணிக்கு முன், நிலம் காய்ந்திருக்கும்போதே தொடங்க வேண்டும்.