உங்கள் பெயரைத் தேடினால் யார் வருகிறார்? ஆன்லைனில் 'பெர்சனல் பிராண்ட்' அமைப்பது எப்படி?

ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள். ரெஸ்யூமே எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நேர்காணலுக்குக் கூப்பிடும் முன் அங்கே இருப்பவர் பெரும்பாலும் ஒரு காரியம் செய்வார். உங்கள் பெயரை லிங்க்ட்இன்னிலோ கூகுளிலோ தட்டிப் பார்ப்பார். அப்போது வருவது யார்? நீங்களா, உங்கள் பெயர் கொண்ட வேறொருவரா, இல்லை காலேஜ் படிக்கும்போது எங்கேயோ போட்டு மறந்துபோன ஒரு கமெண்ட்டா?

'பெர்சனல் பிராண்ட்' என்றாலே பலருக்குக் கூச்சம் வருகிறது. "நாலு பேர் சொல்லணும், நாமளே சொல்லிக்கக் கூடாது" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். போதாக்குறைக்கு, டீக்கடையில் நடந்த சின்ன விஷயத்திலிருந்து ஐந்து தலைமைப் பண்புகளைக் கற்றுக்கொண்டதாகச் சொல்லும் லிங்க்ட்இன் பதிவுகள் வேறு. அதைப் பார்த்து 'நமக்கு இது வேண்டாம்ப்பா' என்று ஒதுங்கியவர்கள் மேல் தப்பே இல்லை. ஆனால் அதுதான் பெர்சனல் பிராண்ட் என்று நினைத்தால், உங்களுக்கு உண்மையிலேயே தேவையான ஒன்றை விட்டுவிடுவீர்கள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

இதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க நிர்வாகவியல் எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ். 1997-ல் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழில் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு ஊழியரும் தன்னையே ஒரு பிராண்டாக நினைத்து நடந்துகொள்ள வேண்டும் என்றார். லிங்க்ட்இன் அப்போது இல்லை, அது வந்தது 2003-ல். ஒரே கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெறும் காலம் அமெரிக்காவில் முடிந்துகொண்டிருந்தது. கம்பெனியின் பெயர் உங்களைக் காப்பாற்றாது, உங்கள் பெயர்தான் கூட வரும் என்பது அவர் வாதம். ஐ.டி. ஆட்குறைப்புச் செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் இப்படி எடுத்துக்கொள்ளலாம்: நீங்கள் இல்லாத இடத்தில் ஒருவர் உங்கள் பெயரைத் தேடுகிறார். உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்பது இரண்டு நிமிடத்தில் அவருக்குப் புரிய வேண்டும், நம்பவும் முடிய வேண்டும். லைக், ஃபாலோயர் கணக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 300 பேர் மட்டுமே தொடரும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயருக்கு, அந்த 300-ல் 30 பேர் கட்டுமானத் துறையில் ஆள் எடுப்பவர்களாக இருந்தால் தாராளம்.

இனிஷியல் சிக்கல்

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு தலைவலி உண்டு. பெரும்பாலான வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் அவற்றை எழுதுபவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்கு இருப்பது இனிஷியல்.

கார்த்திக் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் எஸ்.கார்த்திக். ஆபீஸ் மெயிலில் கார்த்திக் எஸ். பாஸ்போர்ட்டில் கார்த்திக் சுப்பிரமணியன். கிட்ஹப்பில் ஏதோ ஒரு பட்டப்பெயரும் எண்ணும். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் 'கே' மட்டுமா, 'சி', 'கே' இரண்டுமா என்பது இன்னொரு குழப்பம். மனிதர் ஒருவர், தேடுபொறிக்கு நான்கு பேர். லிங்க்ட்இன்னில் 'கார்த்திக் எஸ்' என்று தேடினால் வரும் கூட்டத்தில் இவரை எப்படிப் பிடிப்பது?

உலகப் புகழ் பெற்றவர்களுக்கே இது நடந்திருக்கிறது. செஸ் உலகம் விஸ்வநாதன் ஆனந்தைச் செல்லமாக 'விஷி' என்கிறது. விஸ்வநாதன் அவர் அப்பாவின் பெயர்! உலக சாம்பியன் குகேஷின் பெயர் சர்வதேச செஸ் கூட்டமைப்பின் பட்டியலில் 'குகேஷ் டி' என்றே இருக்கிறது. அவர்களைத் தேடுபவர்களுக்கு அது பிரச்னை இல்லை, எப்படித் தேடினாலும் கிடைப்பார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் முதல் வேலை, ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது. பெயர் ரொம்பப் பொதுவானது என்றால் இனிஷியலை விரித்து எழுதுங்கள். விரித்தும் பொதுவாக இருந்தால் இரண்டு இனிஷியல் வைக்கலாம், ஊர் பெயரையும் சேர்க்கலாம். எதுவானாலும் ரெஸ்யூமே, லிங்க்ட்இன், கிட்ஹப், மெயில் முகவரி, கருத்தரங்கு அடையாள அட்டை எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால், பின்னணிச் சரிபார்ப்புக்காக ரெஸ்யூமேயின் ஓரத்தில் ஒரு வரி போட்டுவிடலாம். லிங்க்ட்இன் உங்கள் பக்கத்துக்குத் தானாகத் தரும் முகவரியில் பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு வால் தொங்கும். அதையும் செட்டிங்ஸில் வெட்டிவிடலாம்.

பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால், அதற்கு முன் செய்த புராஜெக்ட், எழுதிய கட்டுரை எல்லாம் வேறொருவருடையதுபோல் ஆகிவிடும். ஆவணங்களில் எப்படி மாற்றினாலும், தொழில் வட்டாரத்தில் பழைய பெயரையே தொடரலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. ஆய்வுத் துறையில் இருப்பவர்களுக்கு 'ஆர்கிட்' என்ற 16 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் எத்தனை முறை மாறினாலும் ஆய்வுக் கட்டுரைகள் அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பதவிப் பெயர் மட்டும் போதுமா?

லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. பலர் அதைத் தொடுவதே இல்லை. தொடாவிட்டால் இப்போதைய பதவியும் கம்பெனி பெயரும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 'சீனியர் அசோசியேட்' என்றால் உங்கள் கம்பெனிக்குள் அர்த்தம் உண்டு. வெளியே இருப்பவருக்கு நீங்கள் கோடிங் செய்கிறீர்களா, கணக்கு பார்க்கிறீர்களா என்றே தெரியாது. 'ஜி.எஸ்.டி. மென்பொருள் டெஸ்டிங், 6 ஆண்டு அனுபவம், கோவை' என்று இருந்தால் ஆள் தேடுபவருக்கு அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். கம்பெனியை விட்டு வந்த பிறகும் அந்த வரி உங்களுடையதாகவே இருக்கும்.

எதைப் போடுவது?

'எனக்கு எழுத ஒண்ணும் இல்லையே' என்று பலர் நிற்பது இங்கேதான். இருக்கிறது. போன மாதம் வேலையில் உங்களை இரண்டு நாள் உட்கார வைத்த பிரச்னை எது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? முதலில் எதை முயன்று தோற்றீர்கள்? அதை 200 வார்த்தையில் எழுதினால், அதே பிரச்னையில் மாட்டிய இன்னொருவர் தேடி வருவார். ஹெச்.ஆர். வேலையில் இருப்பவர், புதிதாகச் சேர்பவர்கள் பி.எஃப். கணக்கு மாற்றத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதலாம். சைட் இன்ஜினீயர், மழைக்காலத்தில் கான்கிரீட் போடும்போது எதைக் கவனிக்கிறார் என்று எழுதலாம். 'கடும் உழைப்பாளி', 'ஆர்வமிக்கவர்' என்று எத்தனை முறை எழுதினாலும் இந்த ஒரு பதிவுக்கு ஈடாகாது.

தினமும் போட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தளங்களுக்கு நல்லது. வேலை பார்க்கும் ஒருவருக்கு மாதம் ஒன்று உருப்படியாக வந்தால் போதும் என்பதே எங்கள் கணிப்பு. ஏ.ஐ. கருவியிடம் கொடுத்து எழுத வாங்கினால் நேரம் மிச்சம்தான். ஆனால் நீங்கள் மட்டுமே சொல்லக்கூடிய அந்த இரண்டு நாள் தடுமாற்றம் அதில் இருக்காது, பக்கத்து சீட்காரர் போட்டதும் அதே மாதிரி இருக்கும். எழுத்துப் பிழை பார்க்க அதைப் பயன்படுத்துங்கள், அனுபவத்தை எழுத வேண்டாம்.

தமிழிலா, ஆங்கிலத்திலா? வேலைக்கு ஆள் தேடுபவர் ஆங்கிலத்தில்தான் தட்டுவார், எனவே புரொஃபைல் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆனால் கிளவுடோ வருமான வரியோ, ஒரு விஷயத்தைப் பேச்சுத் தமிழில் தெளிவாகச் சொல்பவர்கள் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் குறைவு. கூட்டம் குறைந்த இடத்தில் ஒருவரை அடையாளம் காண்பது எளிது.

கோடிங் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் கணினியில் கிட்டில் அமைத்திருக்கும் மெயிலும் கிட்ஹப் கணக்கில் சேர்த்திருக்கும் மெயிலும் வேறு வேறாக இருந்தால், நீங்கள் செய்த கமிட்டுகள் உங்கள் பக்கத்தில் கணக்கில் வராது. வேலை செய்தும் பக்கம் காலியாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

வாடகை வீடு

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீன செயலிகளைத் தடை செய்தது. லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள் கிட்டத்தட்ட ஒரே இரவில் சுழியத்துக்கு வந்தார்கள். அதற்கு முன் ஆர்குட் 2014-லும், கூகுள் பிளஸ் 2019-லும் மூடப்பட்டன. எந்தத் தளமும் உங்கள் சொத்து இல்லை.

சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்க பொதுவாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில்தான் ஆகும். கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச வசதிகளில் ஒரு எளிய பக்கம் வைக்கலாம். பெயர், செய்யும் வேலை, நான்கைந்து நல்ல பதிவுகள், தொடர்புக்கு ஒரு மெயில். இவ்வளவு போதும். லிங்க்ட்இன் செட்டிங்ஸில் உங்கள் தரவின் நகலைக் கேட்டுப் பெறும் வசதியும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வையுங்கள்.

இதைவிட அவசரமான ஒன்று: ஆபீஸ் மெயிலை வைத்து லிங்க்ட்இன்னோ கிட்ஹப்போ திறந்திருக்கிறீர்களா? வேலை போகும் நாளில் முதலில் முடக்கப்படுவது அந்த மெயில்தான். பாஸ்வேர்டை மாற்றக்கூட வழியில்லாமல் பல வருட உழைப்பு பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்றுவிடும். சொந்த மெயிலையும் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள், இன்றைக்கே.

எதைச் சொல்லக் கூடாது?

வேலையைப் பற்றி எழுதுங்கள் என்றோம். கம்பெனியின் ரகசியத்தை எழுதலாம் என்று அர்த்தம் இல்லை. சேரும்போது கையெழுத்து போட்ட ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு, சமூக ஊடகம், பகுதி நேர வேலை பற்றிய பிரிவுகள் இருக்கும், எடுத்துப் படியுங்கள். வாடிக்கையாளர் பெயர், ஸ்கிரீன்ஷாட், வெளிவராத எண்கள் வேண்டாம். பிராண்ட் வளர்ந்து வெளியே வேலை தேடி வரும்போதும் எச்சரிக்கை தேவை. போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி 2022 செப்டம்பரில் சொன்னது நினைவிருக்கலாம்.

சில தொழில்களுக்குத் தனி வேலி உண்டு. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி 36 தடை போடுகிறது. 2008-ல் வந்த திருத்தம், பெயர், பதிவு எண், தகுதி, வழக்குத் துறை போன்ற சில விவரங்களோடு இணையதளம் வைக்க மட்டும் அனுமதித்தது. ஆன்லைன் தளங்கள் வழியாக வழக்கறிஞர்கள் வேலை பிடிப்பதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. சி.ஏ.க்களுக்கு 1949-ம் ஆண்டு சட்டத்தின் முதல் அட்டவணையும், டாக்டர்களுக்கு 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளும் ஆள் பிடிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. பொதுவான விஷயத்தை விளக்குவது வேறு, 'என்னிடம் வாங்க' என்பது வேறு. பங்குச் சந்தை பற்றிப் பேசுபவர்கள் 'இந்தப் பங்கை வாங்குங்கள்' என்று ஆலோசனைத் தொழிலில் இறங்க செபியில் பதிவு வேண்டும்.

பொருளைப் பரிந்துரைப்பதற்கும் விதி இருக்கிறது. காசு, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம் எது வாங்கியிருந்தாலும் அதைப் பதிவில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல். வேலை உறவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதாவது உங்கள் கம்பெனி பொருளை நீங்களே புகழ்ந்தால், அங்கே வேலை செய்வதையும் சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று முடிவானால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பரிந்துரைத்தவருக்கும் ரூ.10 லட்சம் வரை அபராதம் வரலாம்.

வேலை தேடுவதைச் சொல்லலாமா?

'ஓப்பன் டு ஒர்க்' பச்சை வளையம் போட்டால் எல்லோருக்கும் தெரியும், மேனேஜருக்கும்தான். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் இன்னொரு தேர்வு இருக்கிறது. உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க முயல்வதாகச் சொல்லும் லிங்க்ட்இன், அதற்கு முழு உத்தரவாதம் தருவதில்லை.

புது வேலை கிடைத்த மகிழ்ச்சியில் ஆஃபர் லெட்டர், ஐ.டி. கார்டு படத்தை அப்படியே போடுவதையும் தவிருங்கள். போலி ஹெச்.ஆர். வேடம் போடுபவர்களுக்கு லெட்டர்ஹெட்டும் கையெழுத்தும் ஊழியர் எண்ணும் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அதே போல, வேலை தருகிறேன் என்று வந்தவர் 'டெபாசிட்' கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்து உங்கள் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலிலும், பிறகு தமிழிலும் தேடுங்கள். இமேஜஸ் பகுதியையும் பாருங்கள். ஃபிரெஷராக இருந்தபோது வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்றிய பழைய ரெஸ்யூமே, வீட்டு முகவரியோடும் அப்பாவின் செல்போன் எண்ணோடும் இன்னும் அங்கேயே இருக்கலாம்.