எருக்கா: ரோமானியர்களின் சூட்டுக் கீரை

பீட்சா மேல தூவித் தர்ற, கடிச்சா கடுகு மாதிரி சுருக்குன்னு ஏறுற அருகுலா இலை இருக்கே, அதை ரோமானியர்கள் ‘எருக்கா’ன்னு கூப்பிட்டாங்க.

கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிய ‘இயற்கை வரலாறு’ நூலில் ஒரு குறிப்பு வருது. எருக்கா காமத்தைத் தூண்டும், லெட்யூஸ் குளிர்ச்சி. அதனால சூடும் குளிரும் சமமாகட்டும்னு ரெண்டையும் கலந்து சாப்பிட்டாங்களாம். எள்ளு சூடு, வெந்தயம் குளிர்ச்சின்னு கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன? அதே காலத்து கொலுமெல்லா, வளமைக்கான தோட்டக் கடவுள் பிரியாப்பஸ் பக்கத்துல இதை விதைக்கச் சொல்றார்.

பிளினி சொன்ன காரணத்தை நான் நம்பல. கலவை மட்டும் சரி, சப்புன்னு இருக்கற லெட்யூஸ் காரத்தை அடக்குது. அந்தக் காரம் உண்மையில பூச்சிக்கு எதிரான ஆயுதம். குளுக்கோசினோலேட்டையும் மைரோசினேஸ் நொதியையும் இலை தனித்தனியா வெச்சிருக்கும். கடி விழுந்தாதான் ரெண்டும் சேர்ந்து காரமாகும். எங்க வேலையில இதுக்குப் பேரு லேஸி லோடிங்!

ராஜஸ்தான்ல இதே செடி தாராமிரா. மழை குறைஞ்ச நிலத்துல, குளிர்காலத்துல, எண்ணெய்க்காக விதைக்கிறாங்க. வறட்சியும் பனியும் தாங்கும், வெயில் ஏறினா சீக்கிரம் பூத்துடும். அதனால என் பால்கனித் தொட்டியில நவம்பர்லதான் விதைப்பேன். சுமார் 40 நாள்ல இலை பறிக்கலாம். பூத்துட்டாலும் பிடுங்கிப் போடாதீங்க, பூவையும் சாப்பிடலாம்.