சக்கர மூடி: ஸ்க்ரூவா, கிளிப்பா?

கார் சக்கர மூடி வெறும் அலங்காரம்னுதான் நானும் நினைச்சிருந்தேன். ஹாட் ராட் வரலாறு படிச்சப்போ அந்த நினைப்பு மாறிடுச்சு.

ஹாட் ராட்னா, 1932 ஃபோர்டு மாதிரி பழைய காரை வாங்கி, எடையைக் குறைச்சு, இஞ்சினை மாத்தி வேகமா ஓட்டறது. கலிஃபோர்னியாவில் வறண்டுபோன ம்யூராக், எல் மிராஜ் ஏரித்தரைகளில் 1930களிலேயே இந்தப் பந்தயங்கள் நடந்தன. 1937-ல் அதுக்குன்னு ஒரு சங்கமும் வந்தது. அங்கே பெரிய எதிரி காற்று. சக்கரத்தின் பள்ளமும் ஓட்டையும் சுழலும்போது காற்றைக் கடையும், வேகம் குறையும். வழவழப்பான அலுமினியத் தட்டால் மூடினால் அந்தத் தொல்லை குறையும். பிற்பாடு டீன் மூன் விற்ற 'மூன் டிஸ்க்' இப்படித்தான் புகழ்பெற்றது.

மாட்ட ரெண்டு வழி. ரிம்மில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கினால் கழலாது. ஆனா அசல் பழைய ரிம்மில் போட்ட ஓட்டை போட்டதுதான்! வீல் நட்டைப் பார்க்கவும் ஒவ்வொரு தடவையும் தட்டைக் கழட்டணும். கிளிப் வகைக்குத் துளை வேண்டாம், தட்டினா உட்கார்ந்துடும். ரிம்மோடு சரியா பொருந்தலைன்னா ஓடும்போதே பறந்துடும்.

பந்தயத்துக்கு ஸ்க்ரூ, தெருவுக்கு கிளிப். என் கட்சி இதுதான். அழகுக்காக மட்டும் 70 வருஷப் பழைய ரிம்மைத் துளைக்க எனக்கு மனசு வராது.

உங்க ஓட்டு எதுக்கு? :)