வகை பிரித்தலும் கணிதமே



முதலாம் ஆண்டு மாணவர்கள் பொத்தான்களை வகை பிரித்துக்கொண்டிருந்தனர். அதைக் கண்ட பெற்றோர் ஒருவர், "இது விளையாட்டு, கணக்கு எப்போது சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்று வினவினார். அதற்கு விடை கணித வரலாற்றில் உள்ளது.

நார்வே நாட்டு அறிஞர் சோபுஸ் லீ (1842-1899) பெயரால் வழங்குவது லீ இயற்கணிதம். அதில் இரண்டு உறுப்புகளை இணைத்தால் மற்றோர் உறுப்பு கிடைக்கும். வரிசையை மாற்றினால் குறி மாறும். சில இயற்கணிதங்களில், இணைப்பைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தொடர்ந்தால் சுழியமே எஞ்சும். இவற்றை நில்பொட்டன்ட் என்பர். உறுப்புகளைப் படிகளில் அடுக்கி, இணைக்கும்போது படியெண்கள் கூடுமாறு அமைந்தால் அது படிநிலை இயற்கணிதம். முதற்படியின் இரண்டு உறுப்புகள் இணைந்து இரண்டாம் படியில் ஒன்றைத் தருவது எளிய எடுத்துக்காட்டு.

1891இல் லைப்சிக் நகரில் உம்லாஃப் என்பவர் தம் ஆய்வேட்டில் இவற்றை வகைப்படுத்த முற்பட்டார். ஆறு பரிமாணம் வரை பட்டியல் முடிவுடையது. ஏழாம் பரிமாணத்திலோ வகைகள் எண்ணற்றவை!

1970இல் பிரான்சின் மிஷேல் வெர்ஞ் அம்மையார் வேறு வழி கண்டார். மிக நீண்ட தொடராய்ச் சென்று சுழியத்தை அடைபவற்றை மட்டும் எடுத்து, 'நூலிழை வடிவின' என்றார். அவற்றை இயல்பான படிநிலையில் வைத்தால், ஒற்றைப்படைப் பரிமாணத்தில் ஒரே வகை. ஆறு முதலான இரட்டைப்படையில் இரண்டே வகை. ஒரு பரிமாணத்தின் நூலிழை வடிவங்கள் அனைத்தும் ஒரே எளிய மாதிரியின் உருத்திரிபுகள். அதாவது, அதன் இணைப்பு விதியைச் சற்றே மாற்றிப் பெறக்கூடியவை.

வேறொரு சல்லடையும் உண்டு. இணைப்பு விதியின் எண்களைப் பின்னங்களாக எழுத இயலுமா என்று பார்ப்பது அது. இயன்றால் மட்டுமே அதற்குரிய லீ குலத்தில் ஒழுங்கான புள்ளிக்கட்டம் அமையும் என்பது இரசிய அறிஞர் மால்சேவின் தேற்றம். சென்னையில் பயின்ற எம்.எஸ். இரகுநாதன் 1972இல் வெளியிட்ட நூல் இதனை விளக்குகிறது. உலகெங்கும் ஆய்வாளர்கள் அந்நூலைப் பயில்கின்றனர்.

பேராக்கின் பால்மரத் தோட்டங்களிலும் ரப்பர்த் தாளை வெளிச்சத்தில் பிடித்து, குமிழியும் கறையும் பார்த்துத் தரம் பிரித்தார்கள். எந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்வது, எதை விடுவது என்பதே அங்கும் கேள்வி. பொத்தானைக் கையில் வைத்து யோசிக்கும் குழந்தையும் அதையே கேட்கிறது. தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து ஓர் ஆசிரியர்