வட்டியில்லாத் தவணை: அந்த வட்டி எங்கே போச்சு?

தீபாவளி நேரத்துல வீட்டு உபயோகப் பொருள் கடைக்குள்ள நுழைஞ்சா முதல்ல கண்ணில் படுவது ஃபிரிட்ஜோ டிவியோ இல்லை. "வட்டியே இல்லை, மாதம் 2,000 ரூபாய்தான்" என்கிற அட்டைதான். கடன் கொடுக்கிறவர் யாரும் சும்மா கொடுப்பதில்லை. அப்படின்னா அந்த வட்டி எங்கே போச்சு? இந்த எபிசோடில் அதைத்தான் பார்க்கப் போறோம். அதுக்குக் கொஞ்சம் பின்னால போகணும், 1856-ஆம் வருஷ அமெரிக்காவுக்கு.

அப்போ சிங்கர் கம்பெனியின் தையல் மெஷின் விலை 100 டாலருக்கு மேல். ஒரு சராசரி குடும்பத்தின் வருஷ வருமானமே சுமார் 500 டாலர்தான். மெஷின் வேணும்னு ஆசை இருக்கு, மொத்தமா கொடுக்கப் பணம் இல்லை. சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க், தொழிலால் வக்கீல். அவர் ஒரு வழி சொன்னார். 5 டாலர் கொடுத்து மெஷினை எடுத்துட்டுப் போங்க. மாதா மாதம் வாடகை மாதிரி கட்டுங்க. கட்டி முடிச்சதும் மெஷின் உங்களுடையது. 1855-ல் 883 மெஷின் விற்ற கம்பெனி, 1856-ல் 2,564 விற்றது. தவணை விற்பனை அதற்கு முன்பும் இருந்தது. ஆனா அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது இந்த மெஷின்தான். அதை வைத்துத் தைத்துச் சம்பாதித்தே தவணையைக் கட்டினவங்களும் உண்டு. தவணை என்பது வெறும் ஏமாற்று இல்லை, அதையும் சொல்லிடணும்.

ஆனா "வாடகை" என்ற அந்த வார்த்தையில ஒரு சிக்கல் இருக்கு. கடைசித் தவணை கட்டும்வரை பொருள் விற்றவருக்குத்தான் சொந்தம். இதே முறை பிரிட்டனில் பரவியபோது என்ன ஆச்சு? முக்கால்வாசிப் பணம் கட்டிய குடும்பம் ஒன்றிரண்டு தவணை தவறினால், வீடு தேடி வந்து மேஜை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டிய பணமும் போச்சு, பொருளும் போச்சு. அதே பொருளை இன்னொருத்தருக்கு மறுபடி விற்கலாம்.

இதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் எலன் வில்கின்சன், ஜாரோ தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர். 1938-ல் அது சட்டமானது. அதில் முக்கியமா இரண்டு விஷயங்கள். ஒன்று, மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால், அதன்பிறகு நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பொருளைத் தூக்க முடியாது. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை: தவணைக்கு விற்கிறவர், அந்தப் பொருளின் ரொக்க விலையையும் வாங்குகிறவருக்கு எழுத்தில் சொல்லணும். ஏன்? இரண்டு விலையையும் பக்கத்துல பக்கத்துல வைத்தால்தான் வட்டி எவ்வளவுன்னு தெரியும். வட்டி ஒளிஞ்சுக்கிற இடமே அந்த இடைவெளிதான்.

இந்தியாவிலும் 1972-ல் வாடகைக் கொள்முதல் சட்டம் நிறைவேறியது. அதுவும் ரொக்க விலையைச் சொல்லச் சொன்னது. ஆனா அது நடைமுறைக்கு வரவே இல்லை. 2005-ல் ரத்தே செய்துவிட்டார்கள்.

அதுக்குள்ள கிரெடிட் கார்டும் இஎம்ஐ-யும் வந்தாச்சு. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பூஜ்ய சதவீத வட்டின்னு ஒன்று கிடையாது; வட்டியைப் பரிசீலனைக் கட்டணம் என்ற பெயரில் மறைக்காதீங்க; கம்பெனி தள்ளுபடி கொடுத்தா அதைக் கடன் தொகையில் கழிங்க, வட்டி விகிதத்தில் விளையாடாதீங்க. சுருக்கமா இதுதான் விஷயம்.

அதன்பிறகு "நோ காஸ்ட் இஎம்ஐ" என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. இதில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்கு விற்கிறவர் விலையில் தள்ளுபடி கொடுத்துவிடுகிறார். வட்டிமேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி பெரும்பாலும் நம்ம தலையில்தான். கார்டு பில்லில் தனி வரியா வந்திருக்கும், பாருங்க.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஃபிரிட்ஜ் 24,000 ரூபாய். 12 மாதம், மாதம் 2,000, "வட்டி இல்லை". ரொக்கமா கொடுத்தா 22,500-க்கே தர்றோம்னு கடைக்காரர் சொல்றார்னு வைச்சுக்குங்க. வித்தியாசம் 1,500. பார்த்தா ஆறேழு சதவீதம் மாதிரி தெரியும். ஆனா 22,500 ரூபாயும் வருஷம் முழுக்க உங்க கையில் இல்லையே! மாதா மாதம் திருப்பிக் கொடுத்துட்டே வர்றீங்க. குறைகிற பாக்கிக்குக் கணக்குப் போட்டால் மாதம் சுமார் 1 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. அட்டையில் போட்டிருப்பது பூஜ்யம்.

ரொக்கத்துக்கும் அதே 24,000தான், வேறு கட்டணமும் இல்லைன்னா? தாராளமா தவணையில் வாங்குங்க, தேதி தவறாம கட்ட முடியும்னா. ஏன்னா கார்டில் ஒரு மாதம் தவறினா அபராதமும் வட்டியும் சேர்ந்துடும், அது பூஜ்ய வட்டி இல்லை.

ஆகவே கடையில் "மாதம் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "இப்பவே மொத்தமா கொடுத்தா எவ்வளவு?" 1938-ல் ஒரு சட்டம் போட்டு விற்கிறவர் வாயிலிருந்து வரவழைத்த பதில் அது. இங்கே நாமதான் கேட்டு வாங்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.